தப்பு செய்தால் இந்த கேம் என்ன சொல்லும்?

"அந்தப் பொண்ணு கஷ்டப்பட்டுப் படிச்சு வாங்கின சர்டிஃபிகேட்டைப் போயி கட்டிலுக்கு அடியில தள்ளுறியே, செவுத்துல மாட்டுடி!"

அம்மா இதைச் சொன்னபோது இரவு ஒன்பதரை மணி. கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. நான் லேப்டாப்பில் 'அன்பேக்கிங்' என்ற கேமை ஆடிக்கொண்டிருந்தேன். குடிபோன வீட்டில் ஒரு பெண்ணின் சாமான்களை எடுத்து வைப்பதுதான் அதில் வேலை. அம்மா சொல்வதற்கு முன்பே சுவரில் மாட்டிப் பார்த்துவிட்டேன். சமையலறையில் வைத்தேன், குளியலறையில்கூட வைத்தேன். எங்கே வைத்தாலும் 'இங்கே இல்லை' என்று அந்தச் சட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. அது காதலனின் வீடு. சுவர் முழுக்க அவனுடைய படங்கள். அவள் பட்டத்துக்கு இருந்த ஒரே இடம் கட்டிலுக்கு அடியில்தான். அங்கே தள்ளியதும் சிவப்புக் கோடு மறைந்தது. அம்மா அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கொஞ்ச நாளாக இப்படிப்பட்ட சின்ன கேம்களாகத் தேடி ஆடிக்கொண்டிருக்கிறேன். சிலவற்றை 'பசில்' என்கிறார்கள், சிலவற்றை 'கோஸி', அதாவது பதற்றமில்லாமல் இதமாக ஆடுவது, என்கிறார்கள். எனக்கு இந்தப் பெயர்கள் போதவில்லை. நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பகல் முழுக்க அடுத்தவர் கணக்கில் தப்புத் தேடுவதுதான் என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்து கேமைத் திறந்தால் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான்: நான் தப்பு செய்தால் இது என்னிடம் எப்படி நடந்துகொள்கிறது? கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த அளவுகோலை வைத்துத்தான்.

முதலில், எல்லோரும் ஒன்றாகச் சேர்த்துப் பேசும் ஜோடி: 'அன்பேக்கிங்', 'எ லிட்டில் டு தி லெஃப்ட்'. இரண்டிலும் பொருள்களை ஒழுங்குபடுத்துவதுதான் வேலை. ஆனால் ஆடிப் பார்த்தால் இரண்டும் இரண்டு துருவம்.

'அன்பேக்கிங்' ஆஸ்திரேலியாவின் விட்ச் பீம் குழு உருவாக்கியது, 2021-ல் வெளிவந்தது. ஒரு பெண் 1997 முதல் 2018 வரை எட்டு முறை குடிபோகிறாள். ஒவ்வொரு முறையும் அட்டைப்பெட்டியைத் திறந்து பொருளை எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் முகத்தைக் காட்டுவதில்லை, வசனமும் இல்லை. எந்தப் பொருள் ஒவ்வொரு வீட்டுக்கும் கூடவே வருகிறது, எது நடுவில் காணாமல் போகிறது என்பதை வைத்தே அவள் வாழ்க்கை நமக்குத் தெரிந்துவிடுகிறது. எல்லாப் பெட்டிகளையும் காலி செய்யும்வரை கேம் வாயைத் திறப்பதில்லை. அதற்குப் பிறகுதான் இடம் மாறிய பொருளைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும். அதுவும் வேண்டாமென்றால், எதை எங்கே வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். கோப்பையை மர அலமாரியில் வைத்தால் ஒரு சத்தம், கல் மேடையில் வைத்தால் வேறு சத்தம். இதற்காகவே 14,000-க்கும் மேற்பட்ட ஒலிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்த கேம் சும்மா கடந்து போகாது. பதினொரு மாத அக்ரிமெண்ட் முடிந்து, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றி, குட்டியானையில் சாமான் ஏற்றி மயிலாப்பூரிலிருந்து கே.கே. நகர், அங்கிருந்து நங்கநல்லூர் என்று நாங்கள் ஐந்து முறை மாறியிருக்கிறோம். பால் காய்ச்சி முடித்ததும் அம்மா முதல் பெட்டியிலிருந்து எடுப்பது அரிவாள்மனையும் குக்கர் வெயிட்டும்தான். அப்பா போட்டோவுக்கு ஆணி அடிக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அந்தச் சர்டிஃபிகேட் அம்மாவை ஏன் அப்படித் தைத்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த கட்டத்தில், 2012-ல், அந்தப் பெண் பெற்றோர் வீட்டுக்கே திரும்பி வருகிறாள். பழைய காதலனின் முகத்தில் குண்டூசி குத்திய போட்டோ ஒன்று பெட்டியில் இருக்கும். அதை வெளியே வைத்தால் சிவப்புக் கோடு. கண்ணில் படாமல் ஒளித்து வைத்தால்தான் விடும். அந்த இடத்தில் தப்பு எது என்று முடிவு செய்வது கேம் இல்லை, அவள்தான். இவ்வளவு சின்ன விதிக்குள் இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்ததால்தான் 2022-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் கதைக்கான விருது இதற்குப் போனது என்று நினைக்கிறேன்.

'எ லிட்டில் டு தி லெஃப்ட்' கனடாவின் மேக்ஸ் இன்ஃபர்னோ குழு உருவாக்கியது, 2022-ல் வெளிவந்தது. இதில் கதை கிடையாது. புத்தகம், பென்சில், சாவி என்று ஒவ்வொரு லெவலிலும் சில பொருள்கள். அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். நடுநடுவே ஒரு பூனை வந்து காலால் தட்டிவிட்டுப் போகும். பார்க்க அத்தனை அழகு. சில லெவல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு, அதையும் பாராட்டுகிறேன்.

ஆனால் இங்கே தப்பு செய்தால் நமக்குக் கிடைப்பது மௌனம். உயர வரிசையில் அடுக்கினேன், அசையவில்லை. நிறத்தில் அடுக்கினேன், அப்போதும் அசையவில்லை. நான் வைத்தது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவர்கள் நினைத்தது அதில்லை. கொலுவுக்கு உதவப் போன வீட்டில், அந்த மாமியின் மனதில் என்ன கணக்கு என்று தெரியாமல் பொம்மை அடுக்குவது போன்ற நிலை. எங்கள் வீட்டில் மரப்பாச்சி மேல்படி, செட்டியார் கீழ்ப்படி. காரணம் கேட்டால் அம்மா சொல்வாள். இந்த கேமில் காரணம் கேட்க ஆளில்லை. நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: ஹின்ட் கேட்டால் விடையின் படம் கிறுக்கலுக்கு அடியில் மறைந்து வரும், ரப்பரால் வேண்டிய அளவு மட்டும் அழித்துப் பார்த்துக்கொள்ளலாம். 'இருக்கட்டும்' என்று அந்த லெவலை விட்டுவிட்டு நகரவும் வழி உண்டு. மரியாதையான ஏற்பாடு. தினம் பத்து நிமிடம் ஆட இது போதும். ஒரே மூச்சில் உட்கார்ந்தால் எனக்குத் தலை கனத்துவிட்டது.

எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் 'அன்பேக்கிங்' என்பேன். இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. படிக்க வேண்டிய வரிகள் அதில் மிகவும் குறைவு. ஆங்கிலம் வராத அம்மா மூன்றாவது வீட்டிலிருந்து மவுஸை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

'ஸ்டார்டியூ வேலி' என்ற விவசாய கேமைப் பற்றி எழுதினால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் எழுதுகிறேன். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, நிரல் எல்லாவற்றையும் நான்கு வருடத்துக்கு மேல் உழைத்துச் செய்தது, 2016-ல் வெளிவந்தது. அந்த உழைப்பின் மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு உண்டு. ஆனால் கோஸி என்றதும் எல்லோரும் முதலில் கைகாட்டும் இந்த கேமில்தான் எனக்கு ஓய்வே கிடைக்கவில்லை. கேமில் பத்து நிமிடம் என்பது நமக்கு ஏழு நொடி. காலை 6 மணிக்கு எழுந்து, தண்ணீர் ஊற்றி, மாட்டைத் தடவிக்கொடுத்து, கடை மூடுவதற்குள் ஓடி, இரவு 2 மணிக்குள் படுக்கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் மயங்கி விழுவோம், கையில் இருக்கும் காசில் ஒரு பங்கு போய்விடும். தூங்கினால்தான் சேவ் ஆகும். என் லேப்டாப்பில் பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது. ஜூன் மாத இரவொன்றில் சுரங்கத்தின் ஆழத்திலிருந்து பை நிறையத் தாதுவோடு வீடு திரும்பும் நேரத்தில் தெருவே இருண்டது. கரண்ட் வந்து மறுபடி திறந்தால் அதே நாள் காலை 6 மணி. போனது பதினான்கு நிமிடம்தான். ஆனாலும் அலுவலகத்தில் சேவ் செய்யாத கோப்பு போனால் வயிற்றில் என்ன ஆகுமோ, அதுவே அன்றும் ஆனது.

அதற்கு எதிர்ப்பக்கம் 'எ ஷார்ட் ஹைக்', 2019. கிளேர் என்ற பறவைப் பெண், போனில் சிக்னல் கிடைக்கவில்லை என்று மலை உச்சிக்கு ஏறுகிறாள். வழியில் தங்க இறகுகள் சேர்த்தால் இன்னும் உயரம் ஏறலாம். எத்தனை உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாது. விழும்போது இறக்கையை விரித்தால் போதும், போக நினைக்காத ஒரு கரைக்குப் போய்ச் சேர்வோம், அங்கே யாராவது பேசக் காத்திருப்பார்கள். தப்பே இல்லாத கேம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடித்த கையோடு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று, திருச்சியில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டேன்.

'வெண்பா' நம்மூர்ச் சமாச்சாரம் என்பதால் கூடுதல் கண்டிப்போடு பார்த்தேன். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். வெண்பாவின் அம்மா தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. அழிந்துபோன படியை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இங்கே பசிலின் இயல்பே வேறு. தப்பு நம்முடையதில்லை, அழிந்த தாளுடையது. தப்பாகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து செய்துகொள்ளலாம், திட்டு கிடையாது. முதல் பதார்த்தம் இட்லி. திரையில் தட்டைப் பார்த்ததுமே என் அம்மா, "ஒண்ணு மேல ஒண்ணு நேரா அடுக்காத, மாத்தி வை" என்றாள். குறிப்பை அவள் படிக்கவே இல்லை. மற்ற நாட்டுக்காரர்களுக்கு அது ஒரு பசில். அவளுக்கு அது தினசரிக் காலை.

அதனால் நமக்கு இது சுலபமாகத் தோன்றும், ஒரே மாலையில் தீர்ந்தும் போகும். எனக்கு இன்னும் நான்கு பதார்த்தங்கள் இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் உண்டு. ஆனாலும் கவின் வளர்ந்த பிறகு வரும் பகுதிகளைப் பார்த்தபோது அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். 2024-ல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் பெருவிருதும், முதல் படைப்புக்கான பாஃப்டாவும் இதற்குக் கிடைத்தன. தாளிக்கும் சத்தத்தோடு ஒரு தமிழ்க் குடும்பம் அந்த மேடைவரை போனதில் எனக்கு நிஜமாகவே பெருமை.

இனி மூளையைக் கசக்கும் ரகம். 'பாபா இஸ் யூ' ஃபின்லாந்தின் ஆர்வி டெய்காரி 2019-ல் வெளியிட்டது. "பாபா - இஸ் - யூ" (பாபா என்ற பிராணிதான் நீ), "வால் - இஸ் - ஸ்டாப்" (சுவர் என்றால் தடை) என்று விதிகளே கட்டைகளாகத் தரையில் கிடக்கும். ஒரு கட்டையைத் தள்ளி வாக்கியத்தை உடைத்தால் சுவருக்குள் நடந்து போகலாம். ஆடும்போது ஒன்று உறைத்தது: தமிழில் 'பாபா நீ' என்றாலே போதும், நடுவில் 'இஸ்' தேவையில்லை. அந்த நடுக்கட்டைதான் இந்த கேமின் பாதி உயிர். தமிழில் பிறந்திருந்தால் இது வேறு கேமாக ஆகியிருக்கும். தப்பு செய்தால் ஒரு படி பின்னால் போகும் அன்டூ எத்தனை முறை வேண்டுமானாலும் உண்டு. தாராளம்தான். ஆனால் பத்தாவது லெவலுக்கு மேல் அந்தத் தாராளம் எனக்கு உதவவில்லை.

என்னை உண்மையிலேயே பிடித்து உலுக்கியது 'சாண்ட்ஸ் ஆஃப் சென்னார்'. பிரான்ஸின் ருண்டிஸ்க், 2023. ஒரு மாபெரும் கோபுரம். தளத்துக்குத் தளம் வேறு மக்கள், வேறு மொழி. நமக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கதவுப் பக்கத்துப் பலகை, கையசைத்துப் பேசும் ஆள், சுவரோவியம் இவற்றை வைத்து ஒவ்வொரு குறியீட்டுக்கும் பொருள் ஊகித்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் தளத்துப் பக்தர்கள் பன்மைக்கு அதே சொல்லை இரண்டு முறை எழுதுகிறார்கள். 'கூட்டம் கூட்டமாக' என்று பேசி வளர்ந்தவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. பாணர்கள் தளத்தில் செயப்படுபொருள் முதலில் வந்து வினை கடைசியில் நிற்கிறது. 'சோற்றை நான் தின்றேன்' என்று நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! ஆங்கிலத்தில் யோசிப்பவர்கள் தடுமாறும் இடத்தில் நான் நின்று நிதானமாக நடந்தேன்.

இன்னொன்று: போர்வீரர்களின் மொழியில் கீழ்த்தளத்துப் பக்தர்களைக் குறிக்க ஒரு சொல் வரும். ரொம்ப நேரம் அதை 'அந்நியர்' என்று எழுதி வைத்திருந்தேன். உண்மையில் அதன் பொருள் 'அசுத்தமானவர்கள்'. அது தெரிந்த நொடியில் கையை எடுத்துவிட்டேன். கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவர் வைக்கும் பெயர் அது. அகராதி வேண்டாமல் எனக்குப் புரிந்த சொல்.

இங்கே தப்பு செய்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் அழகு. தப்பான ஊகத்தோடு எத்தனை நேரம் வேண்டுமானாலும் நடக்கலாம். நோட்டின் ஒரு பக்கத்தில் உள்ள படங்களுக்கு எல்லாச் சொற்களும் சரியாகப் பொருந்தும்போதுதான் கேம் அதை உறுதி செய்கிறது. ஒரு மொழியைக் கற்பவர் இப்படித்தானே தப்புத்தப்பாகப் பேசிக்கொண்டே தேறுகிறார். ஒரே குறை, நடுவில் காவலர் கண்ணில் படாமல் ஒளிந்து போகும் இடங்கள். மாட்டினால் மறுபடி முதலிலிருந்து. இந்த கேமுக்கு அது ஒட்டவே இல்லை.

இதே உறுதி செய்யும் முறையைக் கடுமையாகச் செய்தால் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின்'. லூகாஸ் போப், 2018. 1803-ல் காணாமல் போன கப்பல் 1807-ல் ஆளில்லாமல் கரைக்கு வருகிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேர் யார் யார், ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் அல்லது பிழைத்தார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று பேர் சரியானால்தான் நாம் எழுதியது உறுதியாகி அச்செழுத்தாக மாறும். ஒருவர் மட்டும் தப்பு என்றாலும் எந்த ஒருவர் என்று சொல்லாது. மரணம், ரத்தம், புள்ளிகளால் ஆன கறுப்பு வெள்ளைப் படம். யாரும் இதைக் கோஸி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் என் தொழிலுக்கு இதைவிட நெருக்கமான கேம் இல்லை. வவுச்சரும் லெட்ஜரும் ஒத்துப்போகும் அந்த நொடியின் சுகம் இதில் அப்படியே இருக்கிறது. சென்னாரில் ஊகம் இனிக்கிறது. இதில் நிரூபித்தால்தான் இனிக்கும். சோர்ந்த இரவுக்குச் சென்னார், ஞாயிறு மதியத்துக்கு ஒப்ரா டின்.

ராஜாஜி சாலையில் பஸ்ஸில் போகும்போது புனித ஜார்ஜ் கோட்டையைப் பார்த்தால் இப்போதெல்லாம் அந்தப் பதிவேடுதான் நினைவுக்கு வருகிறது. கம்பெனியின் கணக்கில் நம் ஆட்களும் இப்படி வரிவரியாகத்தானே இருந்திருப்பார்கள். கேமில் வரும் அந்தக் கப்பலிலும் இந்திய மாலுமிகள் உண்டு. இதுவரை 42 பேருக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டேன். மீதி 18 பேரில் அவர்கள் இருக்கிறார்கள். விடை இணையத்தில் கிடக்கிறது, ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்க்க மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி அந்தக் கப்பலில் ஏறி, முகம் முகமாகத் தேட வேண்டும்.