எஸ்இசியா, பிக் டென்னா, இல்ல இருக்கற இடமேவா: ஃப்ளோரிடா ஸ்டேட், க்ளெம்சன், நார்த் கரோலினா மூணும் அடுத்து எங்க?

நான் குடியிருக்கறது நார்த் கரோலினால, கேரி பக்கம். எங்க தெருவுல ஒரு வீட்டு வாசல்ல வெளிர் நீலக் கொடி, எதிர்வீட்டுல அடர் நீலம், ரெண்டு வீடு தள்ளி சிவப்பு. யுஎன்சி (தலைப்புல நார்த் கரோலினான்னு சொன்ன யுனிவர்சிட்டி இதுதான்), டியூக், என்சி ஸ்டேட். மூணும் ஒரே கான்ஃபரன்ஸ், ஏசிசி (அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்), 1953ல அது ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒண்ணாவே இருக்கு. இப்ப எந்தக் கொடி முதல்ல வேற வீட்டுக்குப் போகும்ங்கறதுதான் பார்பெக்யூ போடற இடத்துலல்லாம் பேச்சு.

புதுசா படிக்கறவங்களுக்கு ரெண்டு வரி. அமெரிக்கால காலேஜ் ஃபுட்பால் நம்ம ஊர் காலேஜ் ஸ்போர்ட்ஸ் டே மாதிரி கிடையாது, டிவிக்காரன் பில்லியன் கணக்குல கொட்டற வியாபாரம், அந்தப் பணம் காலேஜுக்கு நேரா வராது, கான்ஃபரன்ஸ்ங்கற கூட்டணிக்கு வந்து அங்கேர்ந்து பங்கு பிரியும். அதனால எந்தக் கூட்டணில இருக்கோம்ங்கறதுதான் வருமானமே. 2021ல டெக்சஸும் ஓக்லஹோமாவும் தெற்குப் பக்கக் கூட்டணியான எஸ்இசிக்குப் போறோம்னாங்க, 2022ல கலிஃபோர்னியாவோட யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் வடக்குப் பக்கக் கூட்டணியான பிக் டென்னுக்குன்னாங்க, 2023 ஆகஸ்ட்ல ஒரே வெள்ளிக்கிழமைல அஞ்சு டீம் கிளம்பி நூறு வருஷத்துக்கு மேல இருந்த மேற்குக் கரைக் கூட்டணி பேக் 12 கிட்டத்தட்ட காலி. ஸ்டான்ஃபோர்டும் கால் பெர்க்லியும் பசிஃபிக் கரைல இருந்துக்கிட்டு அட்லான்டிக் பேரு வச்ச ஏசிசில சேர்ந்தாங்க, அதுவும் முதல் ஏழு வருஷத்துக்கு சுமார் 30 சதவீதப் பங்குதான்னு ஒத்துக்கிட்டு. எஸ்எம்யூ இன்னும் ஒரு படி மேல, ஒன்பது வருஷத்துக்கு டிவி பங்கே வேணாம், உள்ள விட்டா போதும்னு வந்தாங்க. உள்ள வர்றவன் காசே வேணாம்ங்கறான், உள்ள இருக்கறவன் காசு பத்தலைன்னு கேஸ் போடறான், இதுதான் ஏசிசி.

கேஸ் கதையைச் சொல்லணும்னா 2023 டிசம்பர் 3ம் தேதி ஞாயித்துக்கிழமை மத்தியானத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். நண்பன் ஒருத்தன், திருச்சிப் பையன், ஃப்ளோரிடா ஸ்டேட்ல எம்எஸ் படிச்சவன், அவன் வீட்டுல ப்ளேஆஃப் அறிவிப்பு, அதாவது நேஷனல் பட்டத்துக்கு ஆடப்போற நாலு டீம் எதுன்னு கமிட்டி சொல்றதைப் பாக்க உட்கார்ந்திருந்தோம். டீம் 13-0, ஒரு தோல்வி இல்ல, ஏசிசி சாம்பியன். ஆனா பந்தை வீசி ஆட்டத்தை நடத்தற க்வார்ட்டர்பேக் ஜோர்டன் ட்ராவிஸ் காலை ஒடிச்சுக்கிட்டாரு. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ்னு மூணு பேர் வந்துச்சு, நாலாவதா அலபாமா லோகோ திரைல வந்தப்ப அவன் தட்டுல இருந்த பிரியாணியை அப்படியே சிங்க் பக்கத்துல வச்சுட்டு வெளில போயிட்டான். பெரிய கான்ஃபரன்ஸ்ல தோக்காம சாம்பியன் ஆன டீமை வெளில விட்டது நாலு டீம் ப்ளேஆஃப் வரலாற்றுலயே அதான் முதல் தடவை. அந்த மாசம் 22ம் தேதியே காலேஜ் போர்டு மீட்டிங் போட்டு ஏசிசி மேல கேஸ் போட்டுருச்சு. ஏசிசி அதுக்கு ஒரு நாள் முன்னாடியே நார்த் கரோலினா கோர்ட்டுக்கு ஓடிப்போய் முந்திக்கிச்சு, அது தனி காமெடி. மூணு மாசத்துல க்ளெம்சனும் கேஸ்ல குதிச்சுது.

சண்டை எதுக்குன்னா க்ராண்ட் ஆஃப் ரைட்ஸ்னு ஒரு பத்திரம். 2012ல மேரிலாண்ட் பிக் டென்னுக்குக் கிளம்பினதும் பயந்து போய் 2013ல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க, 2016ல அதை 2036 வரைக்கும் நீட்டினாங்க. நம்ம பாஷைல சொன்னா நிலம் உன் பேர்ல இருக்கு ஆனா பவர் எழுதிக் குடுத்தாச்சு. நீ வேற கூட்டணிக்குப் போனாலும் உன் சொந்த கிரவுண்டுல நடக்கற மேட்ச் ஒளிபரப்பு உரிமை ஏசிசி கைலதான். வெளில போக மொத்தமா 572 மில்லியன் டாலர் ஆகும்னு ஃப்ளோரிடா ஸ்டேட் கேஸ்லயே கணக்குக் காட்டுச்சு.

2025 மார்ச்ல சமரசம் ஆச்சு. டிவி பணத்துல 60 சதவீதத்தை யாரு மேட்சை ஜனங்க அதிகம் பாக்கறாங்களோ அதுக்கேத்த மாதிரி பிரிக்கறது, மிச்சம் 40 எல்லாருக்கும் சமம். வெளில போற ஃபீஸ் 165 மில்லியன்ல ஆரம்பிச்சு வருஷத்துக்கு 18 குறைஞ்சு 2030-31ல 75 மில்லியன்ல நிக்கும், அதைக் கட்டினா மேட்ச் உரிமையும் கையோட வந்துரும். 572லேர்ந்து 75. ஏசிசியே கதவைத் தொறந்து வச்சு, வெளில தேதியையும் எழுதி ஒட்டிருச்சு.

அந்தத் தேதி சும்மா வச்சது இல்ல. பிக் டென்னோட ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி டிவி ஒப்பந்தம், ஏழு வருஷத்துக்கு 7 பில்லியனுக்கு மேல, அது 2029-30ல முடியுது. பிக் 12ங்கற இன்னொரு கூட்டணியோட ஒப்பந்தம் 2030-31, ப்ளேஆஃப் ஒப்பந்தம் 2031-32. எஸ்இசியோட ஈஎஸ்பிஎன் டிவி ஒப்பந்தம் மட்டும் 2034 வரைக்கும் ஓடும். இதை ஏன் சொல்றேன்னா புது ஆளைச் சேர்த்தா எவ்ளோ தருவன்னு டிவிக்காரன்கிட்ட முதல்ல பேசப்போறது பிக் டென், எஸ்இசி இல்ல.

சரி, ரெண்டு கதவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம்.

பணத்துல 2023-24 கணக்குப்படி பிக் டென் பழைய மெம்பர் ஒவ்வொருத்தருக்கும் சுமார் 63 மில்லியன், எஸ்இசில 52 மில்லியனுக்கு மேல, ஏசிசில சராசரி 45 மில்லியன் வாக்குல. அதுக்கப்பறம் முதல் ரெண்டும் இன்னும் ஏறிப் போச்சு. 2026லேர்ந்து ப்ளேஆஃப் பணத்துலயும் பிக் டென்னுக்கு 29 சதவீதம், எஸ்இசிக்கு 29, ஏசிசிக்கு 17. விளையாடற பசங்களுக்கே காலேஜ் நேரா சம்பளம் குடுக்கலாம்னு 2025 ஜூன்ல கோர்ட் ஒத்துக்கிட்ட செட்டில்மென்ட் வந்ததுலேர்ந்து அதுக்கே பெருசா எடுத்து வைக்கணும், முதல் வருஷம் 2025-26ல உச்சவரம்பு 20.5 மில்லியன், அதனால 15, 20 மில்லியன் வித்தியாசம்ங்கறது நல்ல டீமா சுமார் டீமாங்கற வித்தியாசம்.

ஆனா போற வழிச் செலவைப் பாருங்க. எஸ்இசின்னா சவுத் கரோலினால இருக்கற க்ளெம்சன்லேர்ந்து ஜார்ஜியாவோட ஊர் ஏதென்ஸ் 120 கிலோமீட்டர் வாக்குல, காலைல கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துரலாம், எதிரிங்க எல்லாம் சின்ன வயசுலேர்ந்து திட்டிப் பழகின எதிரிங்க. பிக் டென்னுக்குப் போனா ஃப்ளோரிடா ஸ்டேட்டோட ஊர் டலஹாசிலேர்ந்து வாஷிங்டன் டீம் இருக்கற சியாட்டிலுக்குப் பறக்கணும். ஃபுட்பால்காரங்க சீசன்ல ஒண்ணு ரெண்டு தடவை சார்ட்டர் ஃப்ளைட்ல போயிட்டு வந்துருவாங்க, வாலிபால் பொண்ணுங்க செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏர்போர்ட் தரைல உட்கார்ந்து கெமிஸ்ட்ரி ஹோம்வொர்க் பண்ணுவாங்க. யுசிஎல்ஏ இப்ப நியூ ஜெர்சில இருக்கற ரட்கர்ஸ் கூட ஒரே கான்ஃபரன்ஸ், 4,000 கிலோமீட்டர் கிட்ட.

இது வரைக்கும் பாத்தா தெற்குக் காலேஜ் எல்லாம் எஸ்இசிக்குத்தான் போகும்னு தோணும். மாப்பிள்ளை ரெடிதான், பொண்ணு வீட்டுல கேக்கணுமே. எஸ்இசில ஏற்கனவே ஃப்ளோரிடா யுனிவர்சிட்டி (ஃப்ளோரிடா ஸ்டேட் வேற) இருக்கு, சவுத் கரோலினா யுனிவர்சிட்டி இருக்கு, அந்த ஊர் டிவி பொட்டிங்க எல்லாம் அவங்க கைல. அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை ஈஎஸ்பிஎன். ஏசிசி மேட்சும் அவங்ககிட்டதான், எஸ்இசி மேட்சும் அவங்ககிட்டதான், ஏசிசி ஒப்பந்தத்தை 2036 வரைக்கும் நீட்டிக்கற உரிமையையும் 2025 ஜனவரில எடுத்துக்கிட்டாங்க. ஒரே கடைல குறைஞ்ச விலைக்கு வாங்கிட்டு இருக்கற சரக்கை பக்கத்து ஷெல்ஃபுக்கு மாத்தி வச்சு ஜாஸ்தி விலை குடுக்க எந்த வியாபாரியாவது ஒத்துப்பானா? ஃபாக்ஸும் என்பிசியும் அப்படி இல்ல, பிக் டென்ல ஃப்ளோரிடா டீம் ஒண்ணுகூட இல்ல, அவங்களுக்கு இது புது சரக்கு.

அதனாலதான் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு மனசு எஸ்இசில இருந்தாலும் வழி பிக் டென் பக்கம்னு நான் சொல்லிட்டு இருக்கேன். 1990ல எஸ்இசியே கூப்பிட்டுச்சு, கோச் பாபி பௌடன் காலம், ஏசிசில சுலபமா ஜெயிக்கலாம்னு இந்தப் பக்கம் வந்தாங்க, சொன்ன மாதிரியே முதல் ஒன்பது சீசனும் ஏசிசி பட்டம் அவங்களுக்குத்தான், அதுல ரெண்டு மட்டும் இன்னொரு டீமோட பங்கு. இப்ப அதே முடிவு கழுத்துல கயிறா தொங்குது. பிக் டென்ல ஒரு இடிக்கற விஷயம் படிப்பு. ஏஏயூங்கற ஆராய்ச்சி யுனிவர்சிட்டி சங்கத்துல இருக்கணும்னு அங்க பெருசுங்க எதிர்பார்ப்பாங்க, நெப்ராஸ்காவை பிக் டென் சேர்த்துக்க முடிவு பண்ணினப்ப அது மெம்பரா இருந்து, 2011ல ஏஏயூலேர்ந்து தூக்கிட்டாங்க, அதுக்கே இன்னும் குத்திக் காட்டுவாங்க. ஃப்ளோரிடா ஸ்டேட் மெம்பர் இல்ல. டிவிக்காரன் பெரிய செக் எழுதினா அந்தக் கொள்கை எவ்ளோ நேரம் நிக்கும்னு எனக்கு சந்தேகம்தான், ஆனா முழுப் பங்கு கிடைக்காது. ஆரிகனுக்கும் வாஷிங்டனுக்கும் பாதி, 30 மில்லியன் வாக்குலதான் குடுத்தாங்க. 75 மில்லியன் ஃபீஸும் கட்டி, பாதிப் பங்கும் வாங்கினா பல வருஷத்துக்கு ஏசிசில இருந்ததைவிடக் கம்மியாதான் கைல நிக்கும். திருச்சிக்காரன்கிட்ட இதைச் சொன்னா ஃபோனை வச்சுடறான். 13-0க்கு அடுத்த சீசனே அவங்க 2-10 வேற, அதைச் சொன்னா நட்பே போயிரும்.

க்ளெம்சனுக்குத்தான் எனக்குப் பாவமா இருக்கு. ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். ரோட்டுல ஆரஞ்சு கலர்ல புலிப் பாதம் பெயிண்ட் அடிச்சிருக்கும், அதைப் பாத்துக்கிட்டே போனா ஸ்டேடியம். மேட்சுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி ப்ளேயர்ஸ் எல்லாம் பஸ்ல ஏறி ஸ்டேடியத்தைச் சுத்தி வந்து மேட்டு மேல இறங்கி, அங்க பீடத்துல வச்சிருக்கற ஹவர்ட்ஸ் ராக்குங்கற கல்லைத் தொட்டுட்டு சரிவுல ஓடி வருவாங்க, பீரங்கி வெடிக்கும், 80,000 பேர் கத்தறதுல பெஞ்சு அதிர்றது இடுப்புல தெரியும். ஏதோ குலதெய்வக் கோயில்ல சாமி இறங்கின மாதிரி. இந்த டீமை எஸ்இசில போட்டா ஒரு ஆள்கூட வித்தியாசமா பாக்க மாட்டான், அவ்ளோ பொருத்தம். ஆனா சின்ன ஊரு, மாநிலத்துல ஏற்கனவே எஸ்இசி ஆள் இருக்கு, ஏஏயூ இல்ல, வடக்க ஒருத்தனுக்கும் அவசரம் இல்ல. அதைவிட அவங்களே யோசிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 2015லேர்ந்து 2024 வரைக்கும் பத்து சீசன்ல எட்டு ஏசிசி பட்டம், 2016லயும் 2018லயும் நேஷனல் சாம்பியன். 2024ல மூணு மேட்ச் தோத்தும் ஏசிசி சாம்பியன்ங்கறதால, 12 டீமா பெருசான ப்ளேஆஃப் உள்ள போயாச்சு. எஸ்இசில 2026லேர்ந்து ஒன்பது கான்ஃபரன்ஸ் மேட்ச், மூணு தோத்தா உள்ள விடுவாங்களான்னு வருஷா வருஷம் கமிட்டி வாயைப் பாத்துட்டு நிக்கணும். எலி வளையானாலும் தனி வளை நல்லதுன்னு சும்மாவா சொன்னாங்க, அதுவும் இப்ப பார்வையாளர் கணக்குல பங்கு ஜாஸ்தி வர்றப்ப.

பிக் 12 கதவு தொறந்தேதான் இருக்கு, ஆனா 75 மில்லியன் கட்டிட்டு ஏசிசி அளவே பணம் இருக்கற இடத்துக்கு யாரு போவா. விடுங்க.

இப்ப எங்க ஊர் ஆளுக்கு வர்றேன். கேஸ் போட்டவங்க ரெண்டு பேரு, கத்தினவங்க ரெண்டு பேரு, ஆனா ரெண்டு பக்கமும் உண்மையா வேணும்னு நினைக்கறது வாயே திறக்காத நார்த் கரோலினாவைத்தான். எஸ்இசிக்கு இந்த மாநிலத்துல காலே இல்ல, வர்ஜீனியாலயும் இல்ல. பிக் டென் கேக்கற ஏஏயூ சர்டிஃபிகேட் யுஎன்சிகிட்ட 1922லேர்ந்தே இருக்கு. பேஸ்கட்பால்ல ஆறு நேஷனல் பட்டம். ஃபுட்பால் சுமார்தான், பேர் போன கோச் பில் பெலிச்சிக்கை வருஷத்துக்கு 10 மில்லியன் குடுத்துக் கூட்டிட்டு வந்தும் முதல் சீசன் 4-8, ஆனா அந்தப் பேருக்கே டிவி வந்து நின்னுச்சு பாருங்க, வாங்கறவன் கண்ணு அங்கதான் இருக்கும்.

போக விடாம பின்னாடி இழுக்கறது என்னன்னா டியூக். ரெண்டு கேம்பஸும் 16 கிலோமீட்டர் தூரம் வரும். டியூக்கை ஜெயிச்ச ராத்திரி யுஎன்சி பக்கத்து ஃப்ராங்க்ளின் ஸ்ட்ரீட்ல ஸ்டூடண்ட்ஸ் ஓடிவந்து நடுரோட்டுல நெருப்பு மூட்டுவாங்க, நான் ஒரு தடவை கார் பார்க்கிங் கிடைக்காம தூரத்துலேர்ந்தே பாத்தேன், சட்டைல புகை வாசனை மறுநாளும் இருந்துச்சு. அதை விட்டுட்டு வருஷா வருஷம் ஐயோவா கூட ஆடறதா? கான்ஃபரன்ஸ் வேறயானாலும் மேட்ச் வச்சுக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா அது கல்யாணமாகிப் போன அக்கா தீபாவளிக்கு வந்துட்டுப் போற மாதிரிதான்.

இன்னொரு இழுப்பு என்சி ஸ்டேட். ரெண்டும் அரசு யுனிவர்சிட்டி, ஒரே மாநில போர்டு, கான்ஃபரன்ஸ் மாத்தணும்னா போர்டு அனுமதி வேணும்னு 2024ல விதியே போட்டாங்க. தம்பியை நடுத்தெருவுல விட்டுட்டுப் போனா சட்டசபைல கேள்வி வரும். வர்ஜீனியால இது நடந்தே இருக்கு, 2003ல கவர்னர் மார்க் வார்னர் அழுத்தம் குடுத்துத்தான் வர்ஜீனியா காலேஜ் தன் ஓட்டை வச்சு வர்ஜீனியா டெக்கை ஏசிசிக்குள்ள கொண்டுவந்துச்சு. அதனால எஸ்இசி கூப்பிட்டா யுஎன்சி, என்சி ஸ்டேட் ரெண்டும் சேர்ந்து போகற வாய்ப்பு அதிகம், பிக் டென் கூப்பிட்டா யுஎன்சியும் வர்ஜீனியாவும்தான் ஜோடி. படிச்ச ப்ரொஃபசர்ங்க ரெண்டாவதை விரும்புவாங்க, டிக்கெட் வாங்கறவன் முதலாவதை. டிக்கெட் வாங்கறவன்தான் ஜெயிப்பான்னு நினைக்கறேன்.

என் கணக்கு இதுதான்: 2031க்குள்ள ஃப்ளோரிடா ஸ்டேட் பிக் டென்ல பாதிப் பங்குக்கு, நார்த் கரோலினா தம்பியோட எஸ்இசில, க்ளெம்சன் ஏசிசிலயே. திருச்சிக்காரன் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் க்ளெம்சனும் கைகோத்து எஸ்இசிதான்னு அடிச்சுப் பேசறான். தோக்கறவன் நூறு பேருக்கு பிரியாணி போடணும்னு பேச்சு, இந்தத் தடவை சிங்க் பக்கத்துல வைக்கக் கூடாதுன்னும் எழுதி வாங்கிருக்கேன்.