டகோமா முன்பக்க ஆர்ம் வேலை: 55,000 மைலுக்குப் பிறகு

என்னிடம் இருப்பது 2001 மாடல் டொயோட்டா டகோமா பிக்கப் வண்டி. 3.4 லிட்டர் வி6, ஃபோர் வீல் டிரைவ். 2014-இல் பிட்ஸ்பர்க்கில் வாங்கினேன், அப்போது 1,40,000 மைல் ஓடியிருந்தது. இன்று 2,41,000. நடுவில், 2019 கோடையில், முன்பக்கத்து மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் (சக்கரம் ஏறி இறங்க விடும் இரும்புக் கைகள்) நான்கையும் இறக்கி, புஷ் (ஆர்ம் அசையும் இடத்து ரப்பர் உருளை), பால் ஜாயிண்ட் (ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பந்து-குழி மூட்டு) எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே மாற்றினேன். அந்த வேலையில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பது இப்போதுதான் தெளிவாகியிருக்கிறது. அதனால்தான் ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன்.

பென்சில்வேனியாவில் வருடா வருடம் வண்டியைப் பாதுகாப்புச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வருடம் கீழ் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் கிழிந்திருப்பதைக் காட்டினார்கள். எனக்கும் அதற்கு முன்பே சந்தேகம் இருந்தது. பள்ளத்தில் இறங்கும்போது பிரேக் போட்டால் மூக்கு ஒரு பக்கமாக இழுக்கும். முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தன. கராஜில் 1,800 டாலர் கேட்டார்கள். நானே செய்தபோது சாமானுக்கு மட்டும் 600 சொச்சம் ஆனது.

கீழ் பால் ஜாயிண்டைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தலைமுறை டகோமாவை, அதாவது 1995 முதல் 2004 வரை வந்ததை, யாரும் வைத்திருக்கக் கூடாது. பல வண்டிகளில் எடை அந்தப் பந்தைக் குழிக்குள் அழுத்தும். தேய்ந்தாலும் பந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கும், சத்தம் போட்டு எச்சரிக்கும். இதில் எடை பந்தைக் குழியிலிருந்து வெளியே இழுக்கிறது. தேய்மானம் எல்லை தாண்டினால் பந்து கழன்று சக்கரம் மடிந்துவிடும். 2001–2004 டகோமாக்கள் பலவற்றை 2005-இல் கீழ் பால் ஜாயிண்ட் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தார்கள். ஆகவே ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ, கொஞ்சம் ஆட்டம் தெரிந்தாலோ, 'இன்னும் ஒரு சீசன் ஓட்டலாம்' என்று நினைக்காதீர்கள். இடதும் வலதும் வேறு வேறு சாமான், மாறி வாங்கிவிடக் கூடாது. சக்கரத்தைத் தாங்கும் இரும்பான நக்கிளில் பிடிக்கும் நான்கு போல்ட்டையும் புதிதாகவே போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 59 அடி-பவுண்டு, அதாவது 80 நியூட்டன் மீட்டர், வைக்க வேண்டும். ஒவ்வொரு லட்சம் மைலுக்கும், நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். குடும்பம் உட்காரும் வண்டி இது.

வேலை தொடங்கும் முன் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். கீழ் ஆர்ம் உட்காரும் பிராக்கெட் அருகே சத்தம் மந்தமாக வந்தால் ஆர்ம் வேலையை நிறுத்திவிட்டு முதலில் சேஸிஸைப் பாருங்கள். எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். அது எதையும் விட்டுவைப்பதில்லை.

என் வண்டியில் சேஸிஸ் தப்பித்தது, கேம் போல்ட் தப்பவில்லை. கீழ் ஆர்மைப் பிடித்திருக்கும் இந்த போல்ட்களைத் திருகித்தான் சக்கரத்தின் கோணத்தை, அதாவது அலைன்மெண்டை, வைப்பார்கள். போல்ட்டும் புஷ்ஷின் உள்குழாயும் துருவால் ஒட்டிக்கொண்டு ஒரே இரும்பாகிவிட்டன. மூன்று நாள் துரு எண்ணெய் அடித்தேன், கேஸ் நெருப்பில் சூடு காட்டினேன், நீளக் குழாய் மாட்டி இழுத்தேன். நட் கழன்றது, போல்ட் அசையவில்லை. கடைசியில் புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ரம்ப மெஷினை விட்டு அறுத்தேன். ஒரு போல்ட்டுக்கு இரண்டு அறுப்பு. பிராக்கெட்டில் கேம் உட்காரும் விளிம்பில் பிளேடு பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் முக்கியம். புது போல்ட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பழைய புஷ்ஷை எடுக்க ரப்பரைத் துளையிட்டு, மிச்சமிருக்கும் இரும்பு வளையத்தை ஹாக்ஸாவால் ஒரு கீறு கீறி, உளியால் உள்பக்கம் மடித்தேன். புதியதை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்துப் பிரஸ்ஸில் இறக்கினேன். பாலியூரித்தேன் புஷ் நல்லது என்று பலரும் சொல்வார்கள். அதற்கு அவ்வப்போது கிரீஸ் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தும். தினம் ஓட்டும் வண்டிக்குக் கம்பெனி ரப்பர் போதும் என்பது என் கருத்து.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

2021-இல் இடது பக்கத்திலிருந்து, வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம், கதவுக் கீல் போல ஒரு முனகல். பார்த்தால் மேல் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறது. வலது பக்கத்தில் புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த சாமான். சாமானில் கோளாறு என்று சொல்லவே வழியில்லை. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது: முதலில் செய்தது இடது பக்கம். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழு இறுக்கம் கொடுத்துவிட்டேன். வலது பக்கத்தை மறு வாரம், கையேட்டை முழுதாகப் படித்த பிறகு, வண்டியைத் தரையில் இறக்கி இறுக்கினேன்.

இந்த புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிவளையத்தோடும் ஒட்டியே வருகிறது. போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் பிராக்கெட்டோடு சிக்கென்று பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பரின் முறுக்கில்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறி நிற்கும். ஒவ்வொரு பள்ளமும் அதை இன்னும் முறுக்கும்.

கீழ் புஷ்ஷுக்கும் அதே தப்பைத்தானே செய்தேன், அது ஏன் கிழியவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். வேலை முடிந்ததும் அலைன்மெண்டுக்குப் போனபோது, வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும் நிலையில் கேம் போல்ட்டைத் தளர்த்தித் திரும்ப இறுக்கினார்கள். என் தப்பு அங்கே தானாகச் சரியாகிவிட்டது. மேல் ஆர்மில் கேம் கிடையாது, ஒரே நீள போல்ட். அதை யாரும் தொடவில்லை.

இரண்டாம் முறை இடது மேல் புஷ்ஷை மாற்றும்போது என் பையன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் வெள்ளை மார்க்கரைக் கொடுத்து, உள்குழாயில் தொடங்கி ரப்பர் வழியாக வெளிவளையம் வரை ஒரே நேர்கோடு போடச் சொன்னேன். முதலில் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டு, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து மெல்ல ஏற்றினேன். கோடு ரப்பரில் வளைந்து, வெளிவளையத்தில் விரல் அகலம் தள்ளிப் போய் நின்றது. "அப்பா, இது இப்பவே முறுக்கிட்டு நிக்குதே!" என்றான். தளர்த்தினேன். சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை, கழற்றும் முன் அளந்து வைத்திருந்த 20 அங்குலம் வரும்வரை ஜாக்கியை ஏற்றி, அந்த நிலையில் புதுக் கோடு போட்டு இறுக்கினோம். அந்த அளவை வேலை தொடங்கும் முன்பே எடுத்துவைக்க வேண்டும். கழற்றிய பிறகு கிடைக்காது.

கேம் போல்ட்டுகளுக்கு 2019-இலேயே ஆன்டி-சீஸ், அதாவது துருவால் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை, தாராளமாகப் பூசியிருந்தேன். 2023-இல் திரும்ப அலைன்மெண்ட் வைத்தபோது நான்கும் கையோடு திரும்பின. அதன் பிறகு முன் டயர் சமமாகத் தேய்கிறது. பள்ளத்தில் பிரேக் போட்டாலும் ஸ்டீயரிங் நேராக நிற்கிறது.

இந்த மே மாதம் சோதனைக்கு விடும் முன் சக்கரத்தைக் கழற்றாமலே குனிந்து பார்த்தேன். சேறும் உப்பும் படிந்திருந்ததைத் துணியால் துடைத்ததும் பையன் போட்ட கோடு தெரிந்தது. கொஞ்சம் மங்கியிருக்கிறது. நேராகத்தான் இருக்கிறது.