உடற்பயிற்சி வெறும் வயிற்றிலா, சாப்பிட்டுவிட்டா?

பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் காலையில் நடக்கும் நம்மவர்கள் பலருக்கு வெறும் வயிறுதான் வசதி. அரைமணி நடைக்கு அது சரி. அந்த நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரிவதும் உண்மை. ஆனால் எடை குறைவது நாள் முழுக்கச் சாப்பிடும் அளவைப் பொறுத்தது. 20 இளம்பெண்களை 4 வாரம் கவனித்து 2014-ல் வெளியான ஆய்வில், சாப்பிட்டுப் பயிற்சி செய்தவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் கொழுப்பு குறைந்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை.

தசைக்காக எடை தூக்குபவர்கள், லால்பாக்கில் நெடுநேரம் ஓடுபவர்கள் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுப் போவதே மேல் என்பேன். அப்புறம், தசை வளர உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் தினமும் வேண்டும். இட்லி சாம்பார் மட்டும் போதாது, முட்டை, சுண்டல், தயிரும் சேரட்டும்.

இன்சுலின் போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் கிளம்பவே வேண்டாம். சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.