ஏர்ள் பேல்ஸ் பார்க்: சின்னப் பிள்ளைகளோடு பனிச்சறுக்கப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவில் இருந்துகொண்டு சின்னப் பிள்ளைகளோடு முதல்முறை பனிச்சறுக்கப் போகிறீர்கள் என்றால் நேரே புளூ மவுன்டன் என்ற பெரிய பனிச்சறுக்கு மலைக்கு ஓடவேண்டாம். இரண்டு மணித்தியாலக் கார்ப் பயணம், அறை வாடகை, போய் இறங்கியதும் "குளிருது, வீட்டை போவம்" என்று ஒரு அழுகை, காசு போனதுதான் மிச்சம். பாதர்ஸ்டும் ஷெப்பர்டும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏர்ள் பேல்ஸ் பார்க்கே முதல் வருசத்துக்குத் தாராளம். மாநகராட்சி நடத்துகிறது, சறுக்குப் பலகை, சப்பாத்து, ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம்.

மலை என்று சொன்னால் சிரிப்பார்கள், சரிவு அவ்வளவு சின்னது, ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதுவே இமயம். எங்கள் மகள் சறுக்குப் பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, பீட்சாத் துண்டு மாதிரி வைத்து, சறுக்கிக்கொண்டே வந்து நிற்கப் பழகியது இங்கேதான். தகப்பன்தான் இன்னும் வேலியைப் பிடித்து நிற்கிறார்!

மாநகராட்சி வகுப்புகள் சட்டென்று நிரம்பிவிடும், பதிவு திறக்கிற அன்றே பதிந்துவிடுங்கள். வார இறுதி என்றால் காலையிலேயே போய்விடுங்கள். அப்புறம் காலுறை விசயம்: குளிரும் என்று இரண்டு சோடி போட்டுவிடாதீர்கள், சப்பாத்துக்குள் மடிந்து கால் நோகும், இறுக்கத்தில் இன்னும் குளிரும். முழங்கால்வரை வரும் மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்று போதும். கையுறைதான் இரண்டு சோடி வேண்டும், முதலாவது அரை மணித்தியாலத்தில் நனைந்துவிடும்.

நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே அலுத்துவிடும். அவர்கள் புளூ மவுன்டனுக்கே போகட்டும்.