“மொத்தமே 16 கிலோதான் மேடம்”: மடக்கு ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

எனக்கு முடக்குவாதம் (மூட்டுகள் வலித்து விறைக்கிற நோய்) வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நடக்கவே முடியாது என்றில்லை. நல்ல நாளில் தெருமுனைக் காய்கறிக் கடை வரை போய் வந்துவிடுவேன். மோசமான நாளில் காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் காபி குடிப்பேன். யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய் வர வேண்டும் என்ற ஆசையில், மடக்கி கார் டிக்கியில் வைக்கிற மாதிரியான மொபிலிட்டி ஸ்கூட்டர் (நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன பேட்டரி வண்டி) ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். விலை 94,000 ரூபாய். பாதி என் சேமிப்பு, மீதி நகைச்சீட்டுப் பணம்.

கடை சென்னையில்தான். பெயரை எழுதப் போவதில்லை. இந்த ஏமாற்று ஒரு கடையோடு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடையில் இருந்த தம்பி நன்றாகப் பேசினார். “மொத்தமே 16 கிலோதான் மேடம், ஒரு கையால தூக்கிடலாம்” என்று சொல்லி மடக்கித் தூக்கியும் காட்டினார். மகள் அதை வீடியோ எடுத்தாள். வழவழப்பான டைல்ஸ் தரையில் நான் இரண்டு சுற்று ஓட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில்லாமல் அவ்வளவு தூரம் நகர்ந்து எத்தனை நாளாயிற்று! அந்த நிமிடமே வாங்க முடிவு செய்துவிட்டேன். தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் டிக்கியிலிருந்து இறக்கப் போன என் கணவரே “என்ன இது, இவ்வளவு கனம்?” என்றார். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு வீட்டில் இருந்தது. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். வண்டியின் சட்டம் (ஃபிரேம்) மட்டும் 16.6 கிலோ. சீட் 3.9. பேட்டரிப் பெட்டி 7.8. கூட்டினால் 28 கிலோவுக்கு மேல். அப்புறம் அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். தம்பி தூக்கியபோது சீட் பக்கத்து மேசையில் கிடக்கிறது. பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. அத்தனை பேர் நின்று பார்த்தும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

பேட்டரிப் பெட்டி ஏன் இவ்வளவு கனம் என்று திருப்பிப் பார்த்தால் ‘சீல்டு லெட் ஆசிட்’ என்று ஒட்டியிருக்கிறது. உள்ளே 12 வோல்ட் பேட்டரி இரண்டு. எனக்குச் சொல்லி விற்றது லித்தியம். இரண்டும் சேர்ந்த அதே 24 வோல்ட்டுக்கு லித்தியம் பேட்டரி என்றால் இரண்டு முதல் இரண்டரைக் கிலோதான் வரும். போன் செய்தால், “லித்தியம் தீப்பிடிக்கும் மேடம், உங்க சேஃப்டிக்காகத்தான் இது போட்டோம்” என்றார்கள். வாங்கும்போது அந்த அக்கறையைக் காணோம்.

எடை போகட்டும், வீட்டில் தூக்க ஆள் இருக்கிறது என்று முதலில் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த பேட்டரியில் வேறு ஒரு கெடுதல் இருக்கிறது, அதை யாருமே சொல்லவில்லை. லெட் ஆசிட் பேட்டரியை சார்ஜ் இறங்கிய நிலையில் நாள் கணக்கில் விட்டால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு சார்ஜ் பிடிக்காது. எனக்கு வலி ஏறினால் மூன்று வாரம் கட்டிலை விட்டு எழ மாட்டேன். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நிற்கிற ஸ்கூட்டருக்கு யார் சார்ஜ் போடுவது? இரண்டாவது முறை படுத்து எழுந்தபோது, 15 கிலோமீட்டர் போகும் என்று விற்ற வண்டி மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பும் வழியிலேயே நின்றுவிட்டது. வெயிலில் ஒரு மர நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாரண்டி கேட்டால், “பேட்டரிக்கு வாரண்டி கிடையாது, நீங்க சரியா மெயின்டெயின் பண்ணல” என்று பழியை என் மேல் போட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று நடந்தது. இந்த மாதிரி ஸ்கூட்டர்களில் பிரேக் மோட்டாரோடு சேர்ந்தது. ஓட்டும் லீவரிலிருந்து கையை எடுத்தால் தானாக நின்றுவிடும். பின்பக்கம் சின்னதாக ஒரு நெம்பி இருக்கும். அதைத் தூக்கிவிட்டால் மோட்டார் விடுபட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஆனால் பிரேக்கும் அதோடு போய்விடும். ஒருநாள் வாட்ச்மேன் அண்ணன் உதவியாக வண்டியைத் தள்ளி வந்து சாய்தளத்தின் மேல்விளிம்பில் நிறுத்தினார். நெம்பியை இறக்கவில்லை, அவருக்கு அது தெரியாது. நான் உட்கார்ந்ததும் வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. லீவரை அழுத்துகிறேன், ஒன்றும் ஆகவில்லை. தனியாகக் கைப்பிரேக் அந்த மாடலில் கிடையாது. கீழே நின்றிருந்த பைக்கில் மோதித்தான் நின்றது. முழங்கை தோல் உரிந்ததோடு தப்பித்தேன். சாவி கொடுத்த அன்று இந்த நெம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

சாய்தளம் என்றதும் இன்னொன்று. அரசு வழிகாட்டுதல்படி ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். எங்கள் அப்பார்ட்மென்டில் இருப்பது பைக் ஏற்றுவதற்காகப் போட்டது, இரண்டடி உயரத்துக்கு ஒன்பதடிதான் நீளம். என் ஸ்கூட்டர் கையேட்டில் 6 டிகிரி சரிவு வரைதான் ஏறலாம் என்று போட்டிருக்கிறது. எங்கள் சரிவு அதைப் போல இரண்டு மடங்கு. அந்தக் கையேட்டைப் பணம் கட்டிய பிறகுதான் கண்ணில் காட்டினார்கள்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வண்டியின் லீவரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும். கடையில் இரண்டு நிமிடம் அழுத்தியபோது வலி தெரியவில்லை. தெருவில் பத்து நிமிடம் போனதும் கட்டைவிரல் அடிமூட்டு கொதிக்க ஆரம்பித்தது. விரல்களால் இழுக்கிற மாதிரி லீவர் வைத்த மாடல்களும் உண்டு என்று பின்னால்தான் தெரிந்தது. மூட்டு நோய் இருக்கிறவர்கள் கடையில் குறைந்தது கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். அதுவும் காலையில், விறைப்பு இருக்கும்போதே போங்கள். நான் மாத்திரை போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிற ஒரு மாலையில் போனேன். அது என் பெரிய தவறு.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். என்னைக் காப்பாற்றியது, வாங்குவதற்கு முந்தைய நாள் அந்தத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரி: ‘டோட்டல் வெயிட் 16 கேஜி, லித்தியம் பேட்டரி’. பில்லில் ‘எலக்ட்ரிக் ஸ்கூட்டர் - 1’ என்று மட்டும்தான் இருந்தது, மாடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கையில் எதுவுமே இல்லை. புகார் போன மூன்றாவது வாரம், காசு வாங்காமல் லித்தியம் பேட்டரி மாற்றிக் கொடுத்தார்கள். எடைக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

விமானத்தில் கொண்டுபோக நினைக்கிறவர்கள் பேட்டரி மேல் இருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் (Ah) பெருக்கிப் பாருங்கள், வருவதுதான் வாட்-அவர். கழற்றக்கூடிய ஒற்றை லித்தியம் பேட்டரி என்றால் 300 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும். லேபிள் இல்லாத பேட்டரியை வாங்கவே வாங்காதீர்கள்.

ஸ்கூட்டர் இப்போது என்னிடமேதான் இருக்கிறது. பேட்டரி மாற்றிய பிறகு 22.8 கிலோ. என்னால் இன்றும் தூக்க முடியாது, கணவரோ மகளோ இருந்தால்தான் வெளியூர்ப் பயணம். ஆனாலும் பக்கத்துத் தெரு நூலகத்துக்குத் தனியாகப் போய் வருகிறேன். சென்னையில் இருந்து இதே மாதிரி வாங்க நினைக்கிறவர்கள் யாராவது இருந்தால், முதலில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சீட்டும் பேட்டரியும் மாட்டி வைக்கிறேன். உங்கள் கையாலேயே தூக்கிப் பாருங்கள்.