பழைய சைக்கிள் ரிம்முக்கு டயர்: புதுத் தயாரிப்பா, பழைய ஸ்டாக்கா, மறுதயாரிப்பா, ரிம்மையே மாற்றுவதா?

'28 அங்குல டயர்' என்று ஆன்லைனில் தேடினால் குறைந்தது மூன்று அளவுகள் ஒரே பெயரில் வந்து நிற்கும். 28×1½ என்றால் டயர் கம்பி (டயர் ஓரத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பி) ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மி.மீ. 28×1⅝×1⅜ என்றால் 622. 28×1⅜ என்றால் 642. பழைய ரிம்முக்கு டயர் தேடுபவர்களிடம் பணம் பறிப்பவர்கள் நம்பியிருப்பதும் இந்தக் குழப்பத்தைத்தான். மி.மீ. கணக்கு கையில் இருந்தால், தப்பான டயரும் போலி விற்பனையாளரும் ஒரே கேள்வியில் பிடிபடுவார்கள்.

முதலில் அளவு

டயர், டியூப், ரிம் டேப் மூன்றையும் கழற்றிவிட்டு, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுங்கள். டயர் கம்பி உட்காரும் படியில் மெல்லிய எஃகு டேப்பை இறுக்கமாக ஒரு சுற்று சுற்றி, வரும் சுற்றளவை 3.1416-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். அடிக்கடி தேவைப்படும் கணக்குகள் இவை:

28×1⅜ – 642 மி.மீ. – சுற்றளவு 2017
28×1½ – 635 – 1995
27×1¼ – 630 – 1979
28×1⅝×1⅜, அதாவது 700சி – 622 – 1954
26×1¼, அமெரிக்க ஷ்வின் நிறுவனத்தின் எஸ்-6 – 597 – 1876
26×1⅜ – 590 – 1854
26×1½, அதாவது 650பி – 584 – 1835
26×1¾ ஷ்வின் எஸ்-7 – 571 – 1794
26×2.125 – 559 – 1756

விட்டத்தில் ஒரு மி.மீ. தவறு சுற்றளவில் மூன்று மி.மீ.க்கு மேல் காட்டும் என்பதால்தான் சுற்றி அளக்கச் சொல்கிறோம். ரிம்மின் குறுக்கே டேப்பைப் பிடித்து அளந்தால் 630-க்கும் 635-க்கும் வித்தியாசம் தெரியாது. அளவு பட்டியலிலுள்ள இரண்டு எண்களுக்கு நடுவில் வந்தால் வேறு இடத்திலிருந்து தொடங்கி மறுபடி சுற்றுங்கள். டேப் படியை விட்டு நடுப் பள்ளத்தில் இறங்கியிருக்கும்.

பின்னத்தில் எழுதிய அளவும் தசமத்தில் எழுதிய அளவும் கணக்குப்படி சமமாக இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. 26×1¾ டயர் 571. 26×1.75 டயர் 559. இரண்டையும் ஒன்றென்று சொல்லி விற்கும் விளம்பரங்கள் நிறைய. எல்லாரும் மோசடிக்காரர்கள் இல்லை, பாதிப் பேருக்கு உண்மையிலேயே தெரியாது. பணம் போவது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

சின்ன டயர் பெரிய ரிம்மில் ஏறவே ஏறாது, அதோடு விஷயம் முடிந்தது. பெரிய டயர் சின்ன ரிம்மில் லீவர் இல்லாமல் கையாலேயே ஏறிவிடும். 597 டயரை 590 ரிம்மில் போட்டால் அப்படித்தான் சுகமாக உட்காரும். காற்று ஏற ஏற ஒரு பக்கம் வெளியே தள்ளி, டியூப் வெடிக்கும். ஓடும்போது முன்சக்கரத்தில் நடந்தால் ஆள் விழுவது நிச்சயம். சிரமமே இல்லாமல் ஏறும் டயரைச் சந்தேகப்படுங்கள்.

நான்கு வழிகள்

ஓட்டுவதற்கு என்றால் இன்றும் தயாரிப்பில் உள்ள டயர்தான் முதல் தேர்வு. 635, 630, 590 மூன்றும் இன்னும் புதிதாக வருகின்றன. 597-ம் தேடினால் கிடைக்கும். பக்கவாட்டில் 40-635 என்பது போல அகலமும் விட்டமும் அச்சாகியிருக்கும். அதில் பின்பாதி எண்ணை மட்டும் பார்த்து வாங்குங்கள். குறை தோற்றத்தில்தான்: பட்டன், அதாவது தரையில் படும் பக்கத்தின் வார்ப்பு வடிவம், நவீனமாக இருக்கும், சிலவற்றில் ஒளி திருப்பும் பட்டை ஓடும், க்ரீம் நிறமும் பழைய நிறத்தோடு சேராது. சைக்கிளைத் தினமும் எடுப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை.

பயன்படுத்தாத பழைய ஸ்டாக் கண்ணுக்கு அழகு. காட்சிக்கு நிறுத்தும் சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. ஓட்டுவதற்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ரப்பர் கடையில் தொங்கினாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் ஓசோனாலும் இறுகிக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். பக்கவாட்டைக் கட்டைவிரல்களால் வெளிப்பக்கமாக வளைத்துப் பிடித்தால், முடி அளவு விரிசல்கள் கம்பிக்கு இணையாக வரிசை கட்டுவது தெரியும். கம்பியைச் சுற்றிய துணியில் பழுப்புக் கறை கசிந்திருந்தால் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. அதற்குக் காற்று அடிக்கவே வேண்டாம். டயர் பாலிஷ் பூசினால் விரிசல் மறையும் என்பதால், பளபளவென்று இருக்கும் படத்தை நம்பாமல் துடைத்துவிட்டு எடுத்த படத்தைக் கேளுங்கள். பல வருடம் மடித்து வைத்த டயரில் மடிப்பு விழுந்த இடம் முதலில் கிழியும்.

மறுதயாரிப்பு டயர்கள், அதாவது பழைய பட்டனிலும் நிறத்திலும் சிறிய அளவில் புதிதாக வார்க்கப்படுபவை, தோற்றத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே நல்ல சமரசம். விலை கூடும், ஒரு தொகுதி தீர்ந்தால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். வாங்கும் முன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: ஓட்டுவதற்கா, காட்சிக்கு மட்டுமா? எத்தனை பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வரை தாங்கும் என்று சொல்ல முடியாதவரிடம் ஓட்டுவதற்கு வாங்காதீர்கள். ஜோடியாக வாங்குவதும் முக்கியம், அடுத்த தொகுதியின் நிறம் லேசாக மாறும்.

நான்காவது வழி, பழைய ரிம்மைப் பத்திரப்படுத்திவிட்டு சக்கர நடுவிலுள்ள அதே ஹப்பில் வேறு ரிம் கோர்ப்பது. 642 போல டயர் அரிதான ரிம்மிலும், துளைவிழத் துருப்பிடித்த ரிம்மிலும் இதுதான் புத்திசாலித்தனம். கவனிக்க வேண்டியவை மூன்று. பழைய ஆங்கிலேய ரோட்ஸ்டர்களில் (நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் கனமான சைக்கிள்கள்) முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ் கம்பி வழக்கம், ரிம் துளையும் அதே எண்ணிக்கையில் வேண்டும். ஸ்போக்ஸ் நீளம் மாறும், பழைய ஸ்போக்ஸைத் திரும்பப் போட முடியாது. மூன்றாவதுதான் பலர் தவறவிடுவது: ராட் பிரேக்கின் (கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டுகளால் இயங்கும் பிரேக்) கட்டை, ரிம்மின் ஹப்பைப் பார்த்த முகத்தில் அழுத்துகிறது. அதற்கு வெஸ்ட்வுட் வடிவ ரிம்தான் வேண்டும். 635-லிருந்து 622-க்கு மாறினால் ரிம் 6.5 மி.மீ. உள்ளே நகர்கிறது, பிரேக் கட்டை அந்த அளவுக்கு நகர இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு ரிம் வாங்குங்கள்.

இதைவிடப் பழைய ரிம்கள்

1890-ல் இரண்டு முறைகள் காப்புரிமை பெற்றன. வெல்ச் கண்டது டயருக்குள் எஃகுக் கம்பி வைக்கும் முறை, இன்றைய டயர் அதன் வாரிசு. பார்ட்லெட் கண்டது, டயரின் தடித்த ரப்பர் ஓரம் ரிம்மின் வளைந்த உதட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் முறை. இரண்டாவது வகை ரிம் உங்களிடம் இருந்தால் கம்பி டயரைப் போடாதீர்கள். அதில் டயரைப் பிடித்து வைப்பதே உள்காற்றுதான். காற்று குறைந்தால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வைப் பிய்த்துவிடும்.

அமெரிக்க சைக்கிள்களில் 1933-ல் ஷ்வின் அகலமான பலூன் டயரைக் கொண்டுவரும் வரை, டயரும் டியூபும் ஒன்றேயான, ரிம்மில் பசை போட்டு ஒட்டும் வகை பரவலாக இருந்தது. பெரும்பாலும் மர ரிம். குழிந்த ரிம்மில் கம்பி உட்காரப் படியே இருக்காது. இதற்கு மறுதயாரிப்பு தவிர நேரான மாற்று இல்லை. பெரிய முன்சக்கர சைக்கிளுக்கு ரப்பர் தண்டை மீட்டரில் வாங்கி, நடுவே கம்பி விட்டு இறுக்குவார்கள். தண்டை, ரிம்மின் சுற்றளவைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டினால்தான் அமுங்கி நின்று இணைப்பில் இடைவெளி விடாது.

எங்கே வாங்குவது

பழைய சைக்கிள் உதிரிக்கென்றே நடக்கும் கடை, வாங்குபவர் பாதுகாப்புள்ள ஏல மற்றும் சந்தைத் தளம், குழுக்களில் தனிநபர் விற்பனை, பெயர் கேள்விப்படாத இணையக் கடை. இந்த வரிசையில்தான் நம்பிக்கையும் குறைகிறது. முதலாவதில் விலை அதிகம், ஆனால் தொலைபேசியில் பேசி ரிம் அளவைச் சொன்னால் "இது உங்களுக்குச் சேராது" என்று சொல்லும் ஆள் இருப்பார். அரிய பொருள் நியாயமான விலையில் கிடைப்பது தனிநபரிடம்தான். மோசடியும் அங்கே நிறைய நடக்கிறது.

அது நடக்கும் விதம் இப்படி: "28×1⅜ டயர் ஒரு ஜோடி தேவை" என்று நீங்கள் எழுதுகிறீர்கள். சற்று நேரத்தில் தனிச்செய்தி வருகிறது: "என்னிடம் இல்லை, என் நண்பரிடம் இருக்கிறது, இந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்." எழுதினால் பழைய ஏலத்திலிருந்து எடுத்த படம் வரும், விலை கொஞ்சம் மலிவாக இருக்கும், வேறு யாரோ கேட்கிறார்கள் என்று அவசரப்படுத்துவார்கள். கடைசியில் திரும்பப் பெற வழியில்லாத முறையில் பணம் கேட்பார்கள்: நேரடி வங்கிப் பரிமாற்றம், கிரிப்டோ, பரிசு அட்டை, அல்லது பேபாலில் நண்பர்கள்-குடும்பத்தினருக்கு அனுப்பும் முறை. இந்தக் கடைசி முறையில் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

டயர் கையில் இல்லாதவரால் செய்ய முடியாததைக் கேளுங்கள். கம்பியின் உட்சுற்றளவை டேப் வைத்து அளந்து, எண் தெரியும்படி படம். பக்கவாட்டை வளைத்து, எழுத்துகள்வரை சுற்றிக் காட்டும் சிறு வீடியோ, நீங்கள் சொல்லும் பொருள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து. உண்மையான விற்பனையாளர் சலித்துக்கொண்டாவது எடுத்து அனுப்புவார். மோசடிக்காரர் "கிடங்கில் இருக்கிறது", "ஊரில் இல்லை" என்பார், இல்லையென்றால் கோபப்படுவார். வந்த படத்தைப் படத்தேடலில் போட்டும் பாருங்கள்.

போலிக் கடைக்கு வேறு அடையாளங்கள். எல்லா அரிய அளவும் எப்போதும் இருப்பில், அதுவும் ஒரே அளவு தள்ளுபடியில். முகவரியைத் தேடினால் சம்பந்தமில்லாத இடம். தளப்பெயர் பதிவான தேதியை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்; போன மாதம் பதிவான தளம் பல வருட அனுபவம் பேசினால் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

பணம் கட்டிய பிறகும் கவனம் வேண்டும். சுங்கத் தாமதம் என்று இழுத்தடிப்பது புகார்க் கெடு முடிவதற்காக இருக்கலாம். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள், அட்டைக்கு வங்கியிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். டிராக்கிங்கில் 'கொடுக்கப்பட்டது' என்று காட்டி, பார்சல் உங்களுக்கு வராவிட்டால், அனுப்பிய எடையைக் கூரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். ரோட்ஸ்டர் டயர் ஒரு ஜோடி ஒரு கிலோவுக்குக் குறையாது, 100 கிராம் உறையில் அது வந்திருக்க வழியில்லை. பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கட்டுங்கள் என்று பிறகு வருபவரும் பெரும்பாலும் அதே கூட்டம்தான்.

டயர் வந்ததும் பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்து, உட்சுற்றளவை அளந்து, அதன் பிறகு மாட்டுங்கள். பாதிக் காற்றில் நிறுத்தி, டயரில் ரிம் ஓரத்தை ஒட்டி ஓடும் கோடு இருபுறமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். உதடில்லாத வெஸ்ட்வுட் ரிம்முக்கு 45 பி.எஸ்.ஐ. போதும், டயரில் அதற்குக் குறைவாக அச்சிட்டிருந்தால் அதுவே வரம்பு. ஒரு நாள் அப்படியே நிறுத்திவைத்து, மறுநாள் பக்கவாட்டில் புடைப்போ புது விரிசலோ இல்லையென்றால் ஓட்டலாம். இருந்தால் அன்றே புகாரைப் பதியுங்கள்.