கரண்ட் போன மத்தியானமும் கிட்டும்

புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளை ஒன்பது வருடமாகத் தினமும் பயன்படுத்துகிறேன். மதுரை சிம்மக்கல்லில் சின்ன அலுவலகம். சுங்குடிச் சேலைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம்.

போன சித்திரையில் கமிட் (அதுவரை செய்த மாற்றங்களைப் பதிவது) கொடுத்த கையோடு கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி பழசு, தாங்கவில்லை. திரும்ப ஆன் செய்தால் 'ஆப்ஜெக்ட் ஃபைல் காலி' என்று கிட் நின்றுவிட்டது. கிட் தன் பதிவுகளைச் சேமிக்கும் ஃபைல்தான் ஆப்ஜெக்ட். கூட வேலை பார்க்கும் தம்பி, "ஃபோல்டர அழிச்சிட்டு சர்வர்ல இருந்து எடுத்துருவோமாண்ணே?" என்றான். கூடவே கூடாது. காலையிலிருந்து செய்த வேலை எதுவும் சர்வருக்குப் போகவில்லை.

முதலில் மொத்த ஃபோல்டரையும், மறைந்திருக்கும் கிட் ஃபோல்டரோடு, வேறு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். அப்புறம் பதிவுகள் சரியா என்று சோதிக்கும் எஃப்எஸ்சிகே (git fsck) கட்டளையை ஓட்டினேன். ஒரு கமிட், ஒரு ட்ரீ (ஃபோல்டரின் பட்டியல்), ஒரு ப்ளாப் (ஃபைலின் உள்ளடக்கம்), மூன்றும் 0 பைட். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் உள்ளே இருப்பதை வைத்தே கிட் 40 எழுத்தில் பெயர் சூட்டுகிறது. முதல் 2 எழுத்து ஃபோல்டர், மிச்சம் 38 ஃபைல். உள்ளே ஒரு பைட் பிசகினாலும் பெயரோடு ஒட்டாது, கெட்டது எதுவென்று காட்டிக்கொடுத்துவிடும். கிட்டில் எனக்கு ரொம்பப் பிடித்ததே இதுதான்.

நாம் இப்போது நிற்கும் கமிட்டைக் காட்டும் குறிதான் ஹெட். அது நகர்ந்த வரலாறு கிட் ஃபோல்டருக்குள் லாக்ஸ் ஃபோல்டரில் ஹெட் என்ற ஃபைலில் இருக்கும். சாதாரண எடிட்டரில் திறக்கலாம். அதன் கடைசி வரியில் முதலில் இருப்பது முந்தைய கமிட்டின் பெயர், அடுத்தது கெட்டுப்போனதன் பெயர். முதல் பெயரை எடுத்து, அப்டேட்-ரெஃப் கட்டளை கொடுத்து ஹெட்டை அங்கே திருப்பினேன். காலி ஃபைல்களை நீக்கினேன். அடுத்த கமிட்டில் சேர வேண்டியவற்றின் பட்டியலான இண்டெக்ஸும் கெட்டிருந்தது. அதையும் அழித்துவிட்டு, திரும்ப உருவாக்க வெறும் ரீசெட் கட்டளை கொடுத்தேன். இங்கே 'ஹார்ட்' சேர்த்தால் எழுதிய புரோகிராம் மாற்றம் மொத்தமும் போய்விடும், கவனம்.

எழுதிய ஃபைல்கள் அப்படியே இருந்தன. மறுபடி கமிட் கொடுத்தபோது ப்ளாப்பும் ட்ரீயும் அதே 40 எழுத்துப் பெயரோடு திரும்பி வந்தன. பார்த்ததும்தான் மூச்சு வந்தது. நேரம் மாறியதால் கமிட்டுக்கு மட்டும் புதுப் பெயர்.

ஒரு குறை சொல்ல வேண்டும். எங்கள் உபுண்டு கணினிகளில் இந்த லூஸ் ஆப்ஜெக்ட்கள் (தனித்தனி ஃபைலாக இருப்பவை) டிஸ்க்கில் உறுதியாக இறங்கிவிட்டதா என்று கிட் தானாகக் காத்திருப்பதில்லை. 2022இல் வந்த 2.36 பதிப்பிலிருந்து அப்படிக் காத்திருக்கச் சொல்லும் கோர்.எஃப்சிங்க் என்ற அமைப்பு இருக்கிறது. அதை 'ஆல்' என்று வைத்துவிட்டோம். கமிட் கொஞ்சம் மெதுவாகிறது, பரவாயில்லை. சாப்பிடப் போகும் முன் புஷ் கொடுத்து வேலையை சர்வருக்கு அனுப்புவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. பேட்டரியும் மாற்றியாயிற்று.